தகப்பனின் தொழில் என்ற கட்டம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். இதில் நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. பாடசாலையின் பெயரையும் சொல்லமாட்டேன். குறை முதலில் என்னில்தான் இருக்கிறது என்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

போன மாதம் ஒரு நாள், இடைவேளை முடிகிற நேரம். ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். தரம் 10 பொடியன் ஒருவன் கொப்பியைக் காட்ட வந்தான். எழுத்து மோசம்தான், மறுப்பதற்கில்லை. ஒரு பக்கத்தில் நாலு வரி, அதிலும் பாதி வெட்டிக் கிடந்தது. கொப்பியைப் பார்த்த சேர் அதை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "நீயெல்லாம் ஏன்டா பள்ளிக்கூடம் வாறாய்? இரும்படிக்கத்தான் நீ சரி."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, தேத்தண்ணி குடித்துக்கொண்டே சிரிக்கிற சாதாரணச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

என் வாப்பா இரும்படிக்கிறவர். ஐம்பத்தொன்பது வருடமாக அடிக்கிறார். அந்த அறையில் இருந்த பலருக்கு அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

வாப்பா 1955இல் பிறந்தவர். மூத்தாப்பா வயலில் கூலிக்கு நின்றவர். 1966இல், பதினொரு வயதில், வாப்பாவைப் பக்கத்துத் தமிழ் ஊரில் இருந்த ஆசாரியாரின் கம்மாலையில் கொண்டுபோய் விட்டார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. முதல் இரண்டு வருடமும் துருத்தி இழுக்கிற வேலை மட்டும்தான். சம்மட்டியைத் தொட விடவில்லை. காலையில் போனதும் உலையைத் துப்புரவாக்க வேண்டும், நேற்றைய சாம்பலை அள்ள வேண்டும், சிரட்டைக்கரியை உடைத்துப் போட வேண்டும், பிறகு துருத்தி. சம்பளம் பகல் சோறும், போகம் முடிந்தால் ஒரு சாரனும்.

ஆசாரியார் பேசுகிறது குறைவாம். இரும்பு பழுத்து வருகிறபோது "பார்" என்று மட்டும் சொல்வாராம். எதைப் பார்க்கச் சொன்னார் என்று விளங்கவே தனக்கு ஒரு வருடம் எடுத்தது என்று வாப்பா சொல்வார். நிறத்தைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

கம்மாலைகள் ஏன் இருட்டாக இருக்கின்றன தெரியுமா? ஏழ்மையால், ஜன்னல் வைக்கக் காசில்லாததால் என்றுதான் நானும் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் தெரியாது. இருட்டில்தான் மங்கல் சிவப்பு எது, செம்மஞ்சள் எது, வெண்சூடு எது என்று பிரித்துப் பார்க்கலாம். கத்தியை அடித்து முடித்து, திரும்பச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கி எடுப்பார். அப்போது அது கண்ணாடி மாதிரி. கடினமாக இருக்கும், கல்லில் பட்டால் பல்லுப் பல்லாகத் தெறிக்கும். முதுகுப் பக்கத்தில் மிச்சமிருக்கிற சூடு மெதுவாக வாய்ப்பக்கம் இறங்கும். அதற்குள் வாயை ஒரு கல்லில் தேய்த்து மினுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் வைக்கோல் நிறம் ஓடி வரும், அடுத்தது மண்ணிறம், பிறகு ஊதா, கடைசியில் நீலம். கத்திக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது, உளிக்கு எதில், கோடரிக்கு எதில் என்பதுதான் தொழில். நீலம் வரை விட்டால் கத்தி வாய் மழுங்கும். முந்தி நிறுத்தினால் உடையும். இடையில் இருப்பது சில விநாடிகள்.

ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் படித்தபோது உருக்கில் கலந்திருக்கிற காபன் பற்றி ஒரு பாடம் வந்தது. கொங்கிறீட் கம்பியில் காபன் குறைவு, எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கூர் பிடிக்காது. லொறி ஸ்பிரிங் பட்டையில் அதைவிடக் கூட, அது பிடிக்கும். விரிவுரையாளர் கரும்பலகையில் வரைபடம் போட்டு விளங்கப்படுத்தினார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் பேனை நின்றது. வாப்பா பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டை எடுத்து, சாணைக்கல்லில் ஒரு தரம் வைத்து, பறக்கிற பொறியைப் பார்த்துவிட்டு "இது கத்திக்கு உதவும், அது உதவாது" என்று பிரித்துப் போடுவது ஞாபகம் வந்தது. பொறி கிளைவிட்டுப் பூத்தால் காபன் கூட, நீளக் கோடாகப் போனால் குறைவு. மூன்றாம் வகுப்போடு நின்ற மனிசன் அந்த வரைபடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அன்றைக்கு வகுப்பில் எழும்பி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் முதல் நாள் அறிமுகத்தில் "வாப்பா வியாபாரம்" என்று சொல்லியிருந்தேன்.

அது முதல் தரமும் இல்லை. தரம் 9இல் வகுப்பாசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி விபரம் எடுத்தார். பெயர், முகவரி, தகப்பனின் தொழில். எனக்கு முன்னால் எழும்பியவனின் வாப்பா கிளார்க். என் முறை வந்ததும் "வியாபாரம் சேர்" என்றேன். "என்ன வியாபாரம்?" "இரும்புச் சாமான்." அது ஒரு வகையில் பொய்யுமில்லை பாருங்கள், கெட்டித்தனமாகத்தான் சொல்லியிருக்கிறேன். என் கல்யாணப் பேச்சிலும் அதே பதில்தான் போனது. தரகர் கேட்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

1985இல் எங்கள் பக்கம் கலவரம் வந்தது கிழக்கில் உள்ள எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஊருக்கும் இடையில் இருந்த வீதி மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. அவர்களுடைய ஆட்கள் எங்கள் பக்கம் எரித்தார்கள், எங்களுடைய ஆட்கள் அவர்கள் பக்கம் எரித்தார்கள். ஆசாரியாரின் கம்மாலையும் எரிந்தது. ஓலைக் கூரைதானே, கால் மணித்தியாலம் காணும். வாப்பாவுக்கு அப்போது முப்பது வயது, தனியாகக் கம்மாலை போட்டிருந்தார். இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் விடியப்புறம் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு தனியாகப் போய், சாம்பலுக்குள் கிடந்த ஆசாரியாரின் பட்டடையை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு அந்தர் பாரம். எப்படித் தனியாக ஏற்றினார் என்று கேட்டால் சரியாகச் சொல்லமாட்டார். யாராவது பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமாம். உம்மா இன்றைக்கும் அந்தக் கதை வந்தால் "ரெண்டு புள்ளையயும் என்னையும் உட்டுட்டு இரும்பெடுக்கப் போன மனிசன்" என்பார். நாற்பது வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. உம்மாவின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

நிலைமை அடங்கின பிறகு பட்டடையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஆசாரியார் வாங்கவில்லை. "எனக்கு இனிக் கை ஓடாது, நீயே வைச்சு அடி" என்றாராம். அதற்குப் பிறகும் ஆசாரியார் மௌத்தாகும்வரை, இல்லை, அவர்களில் காலமாகும்வரை என்று சொல்ல வேண்டும், வருடா வருடம் பெருநாளைக்கு அவர் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பார்சல் போகும். வாப்பா எங்கள் மார்க்கப்படி எந்தப் பூசையும் செய்யமாட்டார். ஆனால் விஜயதசமி வருகிற நாளில் உலை மூட்டமாட்டார். ஆயுதங்களைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு வீட்டில் இருப்பார். கேட்டால் "ஆசாரியார்ட லீவு நாள்" என்பார்.

அந்தப் பட்டடையில்தான் நாங்கள் வளர்ந்தோம். தாக்கத்தி, மண்வெட்டி, கோடரி, அலவாங்கு, திருவலை, பாக்குவெட்டி. வெள்ளாமை வெட்டு நெருங்கினால் தாக்கத்தி தீட்ட விடியற்காலையிலேயே ஆட்கள் வந்து குந்திக்கொண்டிருப்பார்கள். கல்லோயாத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்கு இரண்டு போகமும் வேலை இருந்தது. மாட்டு வண்டிச் சில்லுக்குப் பட்டம் போடுகிற நாள்தான் எங்களுக்குப் பெருநாள். இரும்பு வளையத்தை மரச் சில்லைவிடக் கொஞ்சம் சின்னதாக அடித்து, வட்டமாகத் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரியும். நாலு பேர் குறட்டால் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சில்லில் மாட்டுவார்கள். மரம் புகையும், அடுத்த நிமிடமே வாளி வாளியாகத் தண்ணீர். வளையம் சுருங்கி மரத்தை இறுக்குகிற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. திண்மங்களின் வெப்ப விரிவைப் படிப்பிக்கிற ஒவ்வொரு வருடமும் நான் புத்தகத்தில் உள்ள குண்டும் வளையமும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுதாகாது. கம்மாலையில் வேலைக்கு ஆள் இல்லாத நாளில் துருத்தியை இழுத்தது உம்மாதான். பின்னுக்கு வாப்பா சைக்கிள் சில்லில் ஒரு ஊதி பூட்டினார், அதையும் சுழற்றினவர் உம்மா. சிரட்டை சேர்ப்பது, கிடங்கு வெட்டி மூடிக் கரி சுடுவது எல்லாம் அவருடைய பொறுப்பு. ஒரு கையில் கைக்குழந்தை, மற்றக் கையில் ஊதியின் கைப்பிடி. அந்தக் கைக்குழந்தைகளில் கடைசி ஆள் நான். "தகப்பனின் தொழில்" என்று கட்டம் போட்டிருக்கிறார்களே, அந்தத் தொழிலில் பாதி தாயினுடையது. அதற்குக் கட்டமே இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. பெண்பிள்ளை என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வாப்பாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்று வீட்டையும் சம்மட்டியால்தான் கட்டினார், வேறு வருமானம் ஒரு சதம் இல்லை. இந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, அதற்கு வேறொரு நாள் பதிவு போடுகிறேன், சண்டைக்கு வரவும் ஆட்கள் இருக்கிறார்கள். மூத்த ராத்தாவுக்குக் கட்டிய வீடு கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26இல் அது அத்திவாரத்தோடு போனது. ராத்தாவும் பிள்ளைகளும் அன்றைக்கு எங்கள் வீட்டில் நின்றதால் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அந்த வளவிலும் திரும்பக் கட்ட முடியவில்லை. கம்மாலைக்குள் இடுப்பளவு சேறு. கூரை இல்லை, ஊதி இல்லை, கரி இல்லை. பட்டடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் வாப்பா சேற்றை வழித்துவிட்டு உலை மூட்டினார். ஊரில் மையித்து அடக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டிகள் உடைந்து உடைந்து வந்தன. ஒரு கிழமை பிடி போட்டும் வாய் தீட்டியும் கொடுத்தார், யாரிடமும் காசு வாங்கவில்லை. பிறகு ராத்தாவுக்கு இன்னொரு வீடு, முதலிலிருந்து.

அந்த மனிசனை நான் "இரும்புச் சாமான் வியாபாரம்" என்று எழுதினேன்.

2019ஐயும் எழுதத்தான் வேண்டும். ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நாட்கள் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று பொலிஸ் அறிவித்தது. வீடு வீடாகச் சோதனை. தேங்காய் வெட்டுகிற கத்தியைக்கூடக் கிணற்றில் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். கத்தி செய்வதே தொழிலாக உள்ள ஒரு முஸ்லிம் அந்த நாட்களில் என்ன செய்வார்? கம்மாலையில் விற்பனைக்கு அடித்து வைத்த கத்திகள் முப்பது நாற்பது கிடந்தன. இறைச்சிக் கடைக்காரர்கள் சொல்லி அடித்தது கொஞ்சம், மற்றது வீட்டுக் கத்தி. இரவில் ஊரடங்கு. வாப்பா உள்பக்கம் சாக்குக் கட்டி மறைத்து, உலை மூட்டி, ஒவ்வொரு கத்தியாகச் சிவக்கக் காய்ச்சினார். சம்மட்டி அடித்தால் சத்தம் வெளியில் கேட்கும் என்று குறட்டால் பிடித்து, பட்டடை விளிம்பில் வைத்து வளைத்து வளைத்துப் போட்டார். பதமெல்லாம் போய் வெறும் இரும்பாகிவிட்டது. நான் ஊதியைச் சுழற்றினேன். அவர் அழுதாரா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை, புகையும் இருந்தது. விடிய சுபஹுக்கு முன் ஒரு குவியல். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் உலை மூட்டவில்லை.

மூன்று வருடத்தில் நிலைமை வேறாக மாறியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 வரைக்கும் ஏறினபோது கடையில் புது மண்வெட்டியின் விலையைக் கேட்டு ஆட்கள் திரும்பி வந்தார்கள். வெட்டு மெசினுக்கு டீசல் இல்லை என்று பழைய தாக்கத்திகளை வீட்டு முகட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். தேய்ந்த மண்வெட்டிக்கு வாய் வைப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. பழைய இரும்பையும் புது உருக்குத் துண்டையும் வெண்காரம் தூவி வெண்சூட்டில் வைத்து ஒன்றாக அடித்து ஒட்டுவது. எங்கள் பக்கத்தில் அதைச் செய்யத் தெரிந்த கை வாப்பாவினுடையதுதான் மிச்சம். அறுபத்தேழு வயதில் காலை முதல் மஃரிப் வரை வேலை. வாப்பாவை இரும்படிக்கிறவர் என்று ஏளனமாகப் பார்த்த சில பேர் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றதை நான் கண்டேன். வாப்பா ஒருவரையும் வேறாகப் பார்க்கவில்லை. எனக்குத்தான் மனம் கொதித்தது. இப்போது யோசித்தால், அந்த வரிசையில் நிற்கத் தகுதியான முதல் ஆள் நான்தானே.

நமது சமூகத்திடம் ஒரு கேள்வி. ஜும்ஆ பயானில் நல்ல நண்பன், கெட்ட நண்பன் பற்றிய ஹதீஸ் அடிக்கடி வரும். கஸ்தூரி விற்பவனும் கொல்லனின் துருத்தியும். ஒரு தரம் ஹஸ்ரத் அதைச் சொன்னபோது முன் ஸஃப்பில் இருந்த வாப்பாவை நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மனம் சரியில்லை. வாப்பா சிரித்தார். "பொறி சட்டையச் சுடும்தானே மகன், உள்ளதத்தானே சொல்லியிருக்கு" என்று தன் சட்டையில் இருந்த ஓட்டைகளைக் காட்டினார். அந்த ஹதீஸ் சகவாசத்தைப் பற்றியது, தொழிலைப் பற்றியது இல்லை என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கிறது.

என் கேள்வி அதில்லை. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், அவர் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டதையும் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்? ஆரம்பத்திலேயே இஸ்லாத்துக்கு வந்து அவ்வளவு வேதனைப்பட்ட கப்பாப் (ரழி) அவர்கள் மக்காவில் வாள் அடித்த கொல்லர். செய்த வேலைக்குக் கூலி கேட்கப் போய், ஈமானை விட்டால்தான் தருவேன் என்று ஒரு பெரிய மனிசன் சொன்ன சம்பவம் பற்றி சூரா மர்யமில் ஆயத்தே இறங்கியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் கடைசி மகன் இப்றாஹீம் பால் குடித்து வளர்ந்தது மதீனாவில் அபூஸைஃப் என்ற கொல்லரின் வீட்டில். மகனைப் பார்க்க நபியவர்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள். உலைப் புகை வீட்டை மூடியிருக்கும் என்று ஹதீஸில் வருகிறது. தன் பிள்ளையை அந்தப் புகைக்குள் வளரக் கொடுக்க அவர்களுக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை. நாம் கம்மாலைக்காரன் வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறோம். என் இரண்டாவது ராத்தாவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் அப்படித்தான் திரும்பிப் போனது.

தப்பாக விளங்கிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளை மறித்துக் கம்மாலைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. 16 வயது வரைக்கும் பிள்ளை பாடசாலையில் இருப்பது சட்டம், அது நல்ல சட்டம். தொழிலை அழகுபடுத்தவும் எனக்கு விருப்பமில்லை. வாப்பாவுக்கு இடது காது கேட்காது, வலது காதும் அரைவாசி. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சூட்டுத் தழும்பு. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டம் வந்தது. சுயதொழில் செய்பவர்களுக்கும் சேர வழி செய்து சமூகப் பாதுகாப்புச் சபையை 1996இல் அமைத்தார்கள். வாப்பாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது, நன்றாக உழைக்கிற காலம். ஒருவரும் வந்து சொல்லவில்லை. பின்னுக்கு நான் ஆசிரியனாகி, சுற்றுநிருபமெல்லாம் வாசிக்கிறவனாகி, நானும் சொல்லவில்லை.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதில் என்ன செய்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2017இல் 13 வருடக் கல்வித் திட்டம் வந்தது. ஓ.எல். சித்தியடையாத பிள்ளையும் உயர்தரத்தில் தொழிற்பாடம் படித்து என்.வி.கியூ. சான்றிதழோடு வெளியே போகலாம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் எந்த வகுப்புக்கும் போகாமல், கையிலுள்ள திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கிறது. வழிகளைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது நாங்கள். ஆனால் நாங்களே அந்த வகுப்பை "பெயில் ஆன ஆக்கள்ட வகுப்பு" என்று சொல்லிக்கொண்டு, தரம் 6இலிருந்தே "மேசன் வேலைக்குத்தான் போவாய்", "மீன் விக்கத்தான் போவாய்", "இரும்படிக்கத்தான் சரி" என்று வெருட்டிக்கொண்டு வருகிறோம். அந்த வகுப்பில் மேசனின் மகனும் மீன் வியாபாரியின் மகளும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் வாப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, அந்தப் பொடியனுக்கு வருகிறேன்.

அன்றைக்கு அசருக்குப் பிறகு வாப்பாவைப் பார்க்கப் போனேன். நான் இருப்பது மனைவியின் வீட்டில், இரண்டு வீதி தள்ளி. வாப்பாவும் உம்மாவும் இளைய ராத்தாவோடு, பின் வளவில் கம்மாலை. ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாப்பா ஒரு கோடரிக்குக் கண் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன், எதையோ பேசினேன், சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு வேலையாகப் போனால், கம்மாலைக்குள் அவன் நிற்கிறான். அதே பொடியன். ஊதிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். நாலு மாதமாகச் சனிக்கிழமைகளில் வருகிறானாம். வாப்பா அவனைச் சம்மட்டி தொட விடுவதில்லை. "பார்" என்று மட்டும் சொல்வாராம். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவனும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் உம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட, அவன் உள்ளே போய்விட்டான்.

வாப்பா குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "சேர்மார் இவன இரும்படிக்கச் சொன்னாங்களாமே" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவன் சந்தோசமாத்தான் வந்து சொன்னான். சேரே சொல்லிட்டாரு, இனி முழு நேரமும் வரட்டா எண்டு கேட்டான். நான் ஏசி அனுப்பினன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீயும் சிரிச்சியாமே மகன்."

"ஓம் வாப்பா."

வேறு ஒன்றும் கேட்கமாட்டாரா என்று இருந்தது. ஏசினால்கூட நல்லது என்று இருந்தது. அவர் உலைக்குள் இரும்பைத் தள்ளிவிட்டு, வழக்கம்போல நிறத்தைப் பார்த்தார்.

"அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. உங்களுக்கு அது தெரியுமா? தரம் பத்து வரைக்கும் எப்படி வந்தான் எண்டு தெரியல்ல. கண் நல்ல கண், நிறம் பிடிக்கிறான். எனக்கிட்ட இருந்தா அவனும் என்னப் போல கடுதாசிக்கு ஆள் தேடணும். நீ சொல்லிக் குடு."

பத்து வருடமாக அந்தப் பிள்ளை எங்களிடம் இருந்திருக்கிறான். வாசிக்கத் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தது வாசிக்கத் தெரியாத ஒரு கொல்லர்.

இப்போது மூன்று கிழமையாகச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்மாலைக்குப் போகிறேன். அவன் எட்டு மணியிலிருந்து பத்து வரை வாப்பாவோடு நின்று பார்ப்பான். பிறகு மாமரத்துக்குக் கீழே என்னோடு ஒரு மணித்தியாலம். தரம் 2 புத்தகத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டாம் கிழமை நான் புத்தகத்தை மூடிவிட்டு, உருக்கு, குறடு, பட்டடை, அலவாங்கு என்று எழுதிக் கொடுத்தேன். 'ஊதி'யை முதலில் வாசித்தான். முழுநேரத் தொழில் அவனுக்கு ஓ.எல். முடிந்த பிறகுதான், அதுவும் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்துகொண்டு என்று வாப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவனுடைய உம்மாவோடும் பேசியாயிற்று.

அன்றைக்குச் சிரித்த சேரோடும் பேசினேன். என் வாப்பாவின் தொழில் இதுதான் என்று சொன்னேன். அவருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "சொல்லியிருந்தா நான் அப்படிக் கதைச்சிருக்கமாட்டன் சேர்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், நல்ல மனிசன்தான். ஆனால் அந்தப் பதிலும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சொல்லியிருந்தால் என் முன்னால் மட்டும்தானே சொல்லாமல் விட்டிருப்பார்.

போன கிழமை என் வகுப்பில் மாணவர் விபரம் புதுப்பித்தோம். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்கவில்லை, தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். தொடங்க முன்னால் என்னுடையதைக் கரும்பலகையில் எழுதினேன். பெயர், பிறந்த ஊர், தகப்பனின் தொழில்: கொல்லர். தாயின் தொழில் என்று இன்னொரு வரியும் போட்டு, அதிலும் அதையே எழுதினேன். பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை "சேர்ட வாப்பா கத்தி செய்வாரா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "எங்கட உம்மாட கத்தி மொட்டையாக் கிடக்கு சேர், கொண்டு வரட்டா?" வகுப்பு சிரித்தது. பாடசாலைக்குக் கத்தி கொண்டு வர வேண்டாம், நேரே கம்மாலைக்குக் கொண்டு போ என்று வழி சொன்னேன்.

கடைசியாக ஒரு உதவி. யாருடைய வளவிலாவது பழைய லொறி ஸ்பிரிங் பட்டை கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைகளில் இப்போது கிடைப்பது குறைவு. வாப்பா நிறை பார்த்துக் காசு கொடுத்துத்தான் எடுப்பார், சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார். சனிக்கிழமை என்றால் நானும் அங்கேதான் இருப்பேன்.